செபஸ்தியார் படம், முட்டை டெம்பரா: அம்புகள் எத்தனை, எங்கே? உடல் நிறம் பச்சையாக நிற்கிறது

காவிக்கோடு:
வணக்கம். புனித செபஸ்தியாரை 15-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர்களின் முறையில், முட்டை மஞ்சள் கருவில் நிறமி குழைத்து வரையும் வேலை போய்க்கொண்டிருக்கிறது. பலகை 70 × 30 செ.மீ., 18 மி.மீ. பிளைவுட். தூணில் கட்டப்பட்ட நிலையில் ஒற்றை உருவம். கோட்டுப்படம் முடிந்தது, வண்ணத்துக்குப் போகுமுன் சில விஷயங்கள் தெளிவாக வேண்டும்.

அம்புகளுக்கு மரபில் எண்ணிக்கை ஏதும் உண்டா? சில படங்களில் ஒன்றே ஒன்று, சிலவற்றில் உடம்பெல்லாம் அம்பு. சில பழைய மொசைக்குகளில் நரைத்த தாடியோடு, அம்பே இல்லாமல் நிற்கிறார். இதில் எதைப் பின்பற்றுவது?

சோதனைத் துண்டில் மூன்று கோளாறுகள். சுண்ணத் தளத்தில் ஊசி குத்தியதுபோல் சிறு துளைகள். இரண்டாவது தீற்றல் போட்டால் முதல் தீற்றல் பெயர்ந்து வருகிறது. பச்சை மண் என்ற நிறமியால் அடிப்பூச்சு போட்ட உடல் நிறம் கடைசிவரை பச்சையாகவே நிற்கிறது. ஒரு துண்டில் கடையில் வாங்கிய அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வெள்ளைத் தளப்பூச்சு), இன்னொன்றில் வஜ்ஜிரமும் (தச்சர் பசை) சாக்குத்தூளும். அம்புகளோ தோலில் ஒட்டவைத்த குச்சிகள் மாதிரி தெரிகின்றன. வழி சொல்லுங்கள்.

அப்பியா சாலை:
முதலில் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். அம்புகள் செபஸ்தியாரைக் கொல்லவில்லை. உங்கள் கேள்விகளில் பாதிக்கு இதிலிருந்தே பதில் வந்துவிடும்.

உறுதியான பழைய சான்று மிகச் சுருக்கமானது. 354-ஆம் ஆண்டு ரோமைப் பஞ்சாங்கத்தின் மறைசாட்சிகள் (நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தவர்கள்) பட்டியலில் ஜனவரி 20-க்கு நேரே அவர் பெயரும், அப்பியா சாலையில் அடக்கம் செய்யப்பட்ட இடமும் இருக்கின்றன. நாம் இன்றும் திருவிழா கொண்டாடுவது அதே நாளில்தான். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் மிலான் ஆயர் அம்புரோசியார், செபஸ்தியார் தம் ஊர்க்காரர் என்றும் ரோமைக்குப் போய் அங்கே உயிர் கொடுத்தார் என்றும் சொல்கிறார். இவ்விரண்டிலும் அம்பு பற்றிப் பேச்சே இல்லை.

அம்புக் கதை 5-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பாடுகளின் வரலாற்றில் வருகிறது. அதன்படி அவர் கால் என்ற நாட்டில் (இன்றைய பிரான்சு) நார்போனில் பிறந்து மிலானில் வளர்ந்தவர். பேரரசர் தியோக்கிளேசியனின் (ஆட்சி 284–305) காவல்படையில் அதிகாரி. சிறையில் மரணத்துக்குக் காத்திருந்த மார்க்கு, மார்செல்லியன் என்ற இரட்டையரைத் தளரவிடாமல் திடப்படுத்துகிறார். காட்டிக்கொடுக்கப்பட்டதும் திறந்த வெளியில் கட்டிவைத்து வில்லாளிகளை எய்யச் சொல்கிறார்கள். செத்துவிட்டார் என்று விட்டுப் போகிறார்கள். கஸ்துலு என்ற மறைசாட்சியின் கைம்பெண் இரேனே, அடக்கம் செய்வதற்காக இரவில் உடலை எடுக்க வருகிறார். உயிர் இருப்பதைப் பார்த்துத் தம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காயங்களை ஆற்றுகிறார். தேறியபின் செபஸ்தியார் ஓடி ஒளியவில்லை. அரண்மனைப் படிக்கட்டில் நின்று, பேரரசர் வரும்போது முகத்துக்கு நேரே கண்டிக்கிறார். அதற்குத்தான் தடியால் அடித்துக் கொன்று, உடலை நகரின் பெரிய சாக்கடையான குளோவாக்கா மாக்சிமாவில் எறிகிறார்கள். லூசினா என்ற பெண் கனவில் இடம் அறிந்து உடலை மீட்டு அடக்கம் செய்கிறார். இறந்த ஆண்டாக ஏறக்குறைய 288-ஐ மரபு சொல்கிறது.

ஆகவே அம்பு எண்ணிக்கைக்கு விதி கிடையாது. முள்ளம்பன்றி போல ஆகும்வரை எய்தார்கள் என்றே நூல் சொல்கிறது, கணக்கு தரவில்லை. 1370-களின் கடைசியில் ஜொவான்னி தெல் பியோந்தோ பிளாரன்சுப் பேராலயத்துக்கு வரைந்த படம் இந்த வரியை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டது. உடலில் அம்பு படாத இடமே அதில் அபூர்வம்.

தாடி வைத்தவரும் தவறான உருவம் அல்ல, அதுதான் மூத்தது. ரோமையில் கட்டுண்ட பேதுரு ஆலயத்தின் 7-ஆம் நூற்றாண்டு மொசைக்கில் முதிர்ந்த வயதில், அரசவை உடையில், கையில் மகுடத்தோடு நிற்கிறார். ரவென்னாவின் புதிய அப்பொல்லினார் ஆலயத்தில் 6-ஆம் நூற்றாண்டு மறைசாட்சிகள் வரிசையில் வெள்ளுடையில் நடந்து வருகிறார். அந்தக் காலத்தில் மறைசாட்சியின் அடையாளம் மகுடம்தான். வதைத்த கருவியைக் காட்டும் வழக்கம் பிந்தி வந்தது.

நிழல்வரி:
மேலே சொன்னதோடு சேர்த்து, அம்பு எப்படி மையத்துக்கு வந்தது என்பதையும் பாருங்கள். காரணம் கொள்ளைநோய். வானிலிருந்து எய்யப்படும் அம்பாக நோயைப் பார்ப்பது பழைய எண்ணம். கிரேக்கக் காவியமான இலியத்தில் அப்பொல்லோ தெய்வத்தின் அம்புகள்தாம் பாளையத்தில் நோயைப் பரப்புகின்றன. திருப்பாடல் 91-இல் பகலில் பாயும் அம்பும் இருளில் உலவும் கொள்ளைநோயும் அடுத்தடுத்து வருகின்றன. அம்பு பட்டும் சாகாதவர் நோய்க்குக் காவலராவது இயல்புதானே. 680-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் பாவியா நகரத்தார் அவருக்குப் பீடம் எழுப்பியபின் நோய் தணிந்தது என்று லொம்பார்தியர் வரலாறு எழுதிய பவுல் தியாக்கோன் பதிவு செய்கிறார். 1348-இன் பெருங்கொள்ளைநோய்க்குப் பிறகு இத்தாலியில் ஊருக்கு ஊர் இவர் படம் வந்துவிட்டது.

இதை நேரடியாகக் காட்டும் இரண்டு படங்களை அவசியம் பாருங்கள். சான் ஜிமிஞ்ஞானோவின் அகுஸ்தீனார் ஆலயத்தில் பெனோட்சோ கொட்சோலி 1464-இல், ஊரில் நோய் பரவிய ஆண்டிலேயே வரைந்த சுவரோவியம். அதில் செபஸ்தியார் முழு உடையில் நிற்கிறார். விரித்த மேலாடைக்குள் மக்கள். மேலிருந்து வரும் அம்புகள் அந்த ஆடையில் பட்டு முறிகின்றன. அவர் உடலில் ஒரு கீறல்கூட இல்லை. இன்னொன்று பால்ட்டிமோர் வால்ட்டர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ஜோஸ் லீபெரான்ஸ் படம், 1497–99. கீழே பாவியா நகரில் பிணங்களை அடக்கம் செய்கிறார்கள். சுமந்து வந்தவர்களில் ஒருவரே கழுத்தில் நெறி கட்டிப் பின்னால் சாய்கிறார். மேலே வானத்தில், அம்புகள் தைத்த உடம்போடு செபஸ்தியார் கடவுள் முன் முழந்தாளிட்டு மன்றாடுகிறார். இந்தப் படத்தைப் பார்த்தபின் அம்பை வெறும் அலங்காரமாக வரைய மனம் வராது.

உங்கள் பலகைக்குப் பொருத்தமான முன்மாதிரி மான்டெக்னாவின் வியன்னா படம் (1457–59 வாக்கில்). அது 68 × 30 செ.மீ.; கிட்டத்தட்ட உங்கள் அளவேதான். குறுகிய பலகையில் தனி உருவத்தை நிறுத்தும்போது அகலம் போதாமல் முழங்கைகள் விளிம்பில் முட்டும். மான்டெக்னா கைகளைப் பின்னால் கட்டி, உடைந்த வளைவின் தூணையே சட்டமாக்கிச் சமாளித்துவிட்டார். பொத்திச்செல்லியின் பெர்லின் படம் (1474) 195 × 75; பிளாரன்சில் ஓர் ஆலயத் தூணில் தொங்குவதற்காக வரைந்ததால் அந்த ஒடுக்கம். அங்கே வேலையை முடித்த வில்லாளிகள் தூரத்தில் சிறு உருவங்களாக நடந்து போகிறார்கள். மான்டெக்னாவின் லூவர் படத்தில் (1480 வாக்கில், 255 × 140) நேர்மாறு: இரண்டு வில்லாளிகளின் தலைகள் மட்டும் கீழ் மூலையில், பார்ப்பவருக்கு அருகிலேயே தெரிகின்றன. எய்தவர்களை எங்கே வைக்கிறீர்கள் என்பதை முடிவு செய்யாமல் அம்பின் கோணத்தை முடிவு செய்ய முடியாது. அவர்கள் படத்தில் இல்லாவிட்டாலும் சரி, எங்கே நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இளமையான, ஆடையற்ற உடல் 15-ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. கிரேக்க, ரோமைச் சிலைகளைப் படித்த ஓவியர்களுக்கு உடலமைப்பைக் காட்ட அவர் நல்ல வாய்ப்பாக இருந்தார். ஃபிரா பர்த்தொலொமேயோ பிளாரன்சு சான் மார்க்கோவில் வைத்த செபஸ்தியார் பார்ப்பவர் மனதைக் கலைக்கிறது என்று துறவிகள் ஆலயத்திலிருந்து அகற்றியதாக, ஓவியர்களின் வாழ்க்கை வரலாறு எழுதிய வசாரி சொல்கிறார். ஆலயத்தில் வைக்கும் படமானால் இதை இப்போதே யோசித்துவிடுங்கள். உடையோடு, கையில் ஒரே ஓர் அம்பைப் பிடித்து நிற்கும் வடிவமும் முழு மரபுள்ளதுதான். ரபாயேல் இளவயதில் வரைந்து பெர்கமோவில் இருக்கும் படம் அப்படிப்பட்டது.

பலகையும் பசையும்:
தொழில்நுட்பத்துக்கு வருகிறேன்.

அக்ரிலிக் ஜெஸ்ஸோவை விட்டுவிடுங்கள். அது பிளாஸ்டிக் படலம்; தண்ணீரை உறிஞ்சாது. முட்டை டெம்பரா பிடிப்பதே தளம் உறிஞ்சுவதால்தான். உறிஞ்சாத தளத்தில் முதல் தீற்றல் மேலாக மிதந்து காயும், இரண்டாவது தீற்றலின் ஈரம் பட்டதும் பெயரும். உங்கள் இரண்டாவது கோளாறுக்கு இது பெரிய காரணம்.

தளத்துக்குத் தேவை தோல் பசை. முயல்தோல் பசை கிடைத்தால் நல்லது: 1 லிட்டர் தண்ணீருக்கு 70 கிராம். இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்குங்கள். கொதிக்கவிடவே கூடாது, கொதித்த பசைக்குப் பிடிப்பு போய்விடும். தச்சர்களின் வஜ்ஜிரத்தையும் பயன்படுத்தலாம். ஆனால் அதன் வலு சரக்குக்குச் சரக்கு மாறும், நிறமும் கருப்பு. ஆகவே கிராம் கணக்கை நம்பாமல் பதம் பாருங்கள்: பிரிட்ஜில் குளிர்ந்தபின் இளநுங்கு மாதிரி நடுங்க வேண்டும். ரப்பராக இறுகினால் தண்ணீர் சேருங்கள்.

பலகையின் இரண்டு பக்கமும், நான்கு விளிம்பும் ஒரு கை பசை பூசி ஒரு நாள் காயவிடுங்கள். பின்பக்கத்தை விட்டுவிட்டால் முன்பக்கச் சுண்ணம் காயும்போது பலகையை இழுத்து வளைக்கும். பிறகு பழைய மெல்லிய பருத்தித் துணியைப் பசையில் நனைத்து முன்பக்கம் ஒட்டுங்கள்.

சுண்ணம்: இளஞ்சூடான பசை 2 பங்கு, சலித்த சாக்குத்தூள் 3 பங்கு, கொள்ளளவில். தூளைப் பசையின் மேல் தூவித் தானாக அமிழவிட வேண்டும். கரண்டியால் அடித்துக் கலக்கினால் காற்றுக்குமிழி புகும். உங்கள் ஊசித்துளைகள் அவைதான். கலவை அதிகச் சூடாக இருந்தாலும் துளை வரும். முதல் பூச்சைத் தூரிகையால் இழுக்காமல் விரலால் வட்டமாகத் தேய்த்து ஏற்றுங்கள். மேலே 6 முதல் 8 பூச்சு, ஒன்று நெடுக்கே என்றால் அடுத்தது குறுக்கே. தொட்டால் விரலில் ஒட்டாத அளவுக்கு உலர்ந்ததும் அடுத்தது. எல்லாப் பூச்சும் ஒரே நாளில் முடிவது நல்லது. கீழ்ப்பூச்சைவிட மேல்பூச்சில் பசை வலுவாக இருந்தால் வெடிக்கும். பசை குறைந்தால் விரலில் மாவாக ஒட்டும். மூன்று நாள் காய்ந்தபின் 220, பிறகு 400 எண் உப்புத்தாளால் தேய்த்து, ஈரமான மெல்லிய துணியால் துடைத்தால் யானைத் தந்தம்போல் வழவழக்கும்.

மஞ்சள் கரு: வெள்ளைக்கருவைப் பிரித்து, மஞ்சளை உள்ளங்கையில் மாற்றி மாற்றி உருட்டி ஈரம் போக்குங்கள். தோலைக் கிள்ளிப் பிடித்து, ஊசியால் குத்திக் கருவை மட்டும் வடியவிடுங்கள். தோல் கலவையில் விழக்கூடாது. ஒரு கருவுக்கு ஒரு தேக்கரண்டி தண்ணீர். நம்மூர் வெயிலில் அன்றன்றைக்குத் தயாரித்து, மீதியைக் கொட்டிவிட வேண்டும். நிறமியைத் தண்ணீரில் மட்டும் அரைத்த விழுதோடு இந்தக் கருவைச் சம அளவு சேருங்கள். அளவு சரியா என்று கண்ணாடித் துண்டில் தீற்றிக் காயவைத்து, பிளேடால் கீறிப் பாருங்கள். படலமாக உரிந்தால் சரி. தூளாக உதிர்ந்தால் கரு போதாது. பிசுபிசுப்பாக இருந்தால் கரு அதிகம். ஒவ்வொரு நிறமிக்கும் தனியாகச் சோதிக்க வேண்டும்; பச்சை மண்ணும் காவியும் ஒரே அளவு கருவைக் கேட்பதில்லை.

தீற்றும்போது தூரிகையை நனைத்து, துணியில் ஒற்றி, ஏறக்குறைய வறண்ட நுனியால் மெல்லிய கோடுகளாகப் போடுங்கள். போட்ட கோட்டின் மேல் அரை நிமிடத்துக்குள் திரும்பப் போகாதீர்கள். எண்ணெய் வண்ணத்தில் குழைப்பதுபோல் இதில் குழைக்க முடியாது. அடுத்தடுத்த கோடுகளின் நெருக்கத்தில்தான் நிழலும் ஒளியும் பிறக்கும்.

பச்சைப் பிரச்சினை: பழைய இத்தாலியப் படங்களில் முகம் பச்சையாகத் தெரிவதைப் பார்த்து நிறையப் பேர் அதையே பின்பற்றுகிறார்கள். மேலே இருந்த இளஞ்சிவப்பு அடுக்குகள் தேய்ந்தும் கழுவப்பட்டும் போனதால் பச்சை வெளியே வந்தது. வரைந்தவர் நினைத்தது அதுவல்ல. பச்சை மண்ணை வெள்ளை கலந்து மெல்லியதாக இரண்டு பூச்சு மட்டும் போடுங்கள். அதன்மேல் மஞ்சள் காவி, கருப்பு, வெள்ளை, துளி செங்காவி கலந்த சாம்பல்பச்சையால் நிழல் வடிவத்தை வரையுங்கள். பிறகு செங்காவியும் வெள்ளையும் கலந்து உடல் நிறத்தில் மூன்று படிகள்: அடர், நடு, வெளிர். அடர்நிறத்தை நிழலின் ஓரத்தில் தொடங்கி, ஒளி பக்கம் போகப் போக வெளிர். இந்த மூன்றையும் மூன்று நான்கு சுற்று திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஒரே சுற்றில் நிறுத்துவதால்தான் பச்சை நிற்கிறது. கடைசியில் பச்சை தெரிய வேண்டியது பாதி நிழலில் மட்டும். டைட்டானியம் வெள்ளையைத் தனியாகப் போட்டால் உடல் சுண்ணாம்பு அடித்த சுவராகும். பாதிக்குப் பாதி ஜிங்க் வெள்ளை சேருங்கள். ஈய வெள்ளையும் சாதிலிங்கமும் நஞ்சு, வீட்டில் தூளாக அரைக்க வேண்டாம். எந்த நிறமியானாலும் அரைக்கும்போது முகக்கவசம் போடுங்கள்.

காவிக்கோடு:
மிக்க நன்றி. அக்ரிலிக் துண்டை ஒதுக்கிவிட்டுப் பசைச் சுண்ணத்தில் தொடர்கிறேன். இரண்டு சந்தேகங்கள் மிச்சம். கைகளைத் தலைக்கு மேல் கட்டுவதா, முதுகுக்குப் பின்னாலா? இரேனேயைச் சேர்ப்பது இந்தக் காலப் பாணிக்குப் பொருந்துமா?

நிழல்வரி:
இரேனே இந்தப் பாணிக்குப் பிந்தியவர். 15-ஆம் நூற்றாண்டில் அவரைத் தனிக் காட்சியாகக் காண்பது அரிது. 17-ஆம் நூற்றாண்டில்தான் பெரிதாக வருகிறார். தெர்புருக்கன் 1625-இல் வரைந்து இன்று ஒபர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கும் படத்தில் இரேனே அம்பை உருவுகிறார்; செபஸ்தியாரின் ஒரு கை இன்னும் கயிற்றில் தொங்குகிறது. ஜார்ஜ் த லா தூரின் லூவர் படத்தில் தீப்பந்த வெளிச்சம், ஒரே ஓர் அம்பு, குனிந்து பார்க்கும் பெண்கள். அவை அகலமும் பல உருவங்களும் கேட்கும் அமைப்பு, 30 செ.மீ. அகலத்தில் நெருக்கியடிக்காதீர்கள்.

கைகளைப் பின்னால் கட்டுவதே உங்கள் அகலத்துக்கு நல்லது. அப்போது தோள்பட்டை எலும்புகள் நெருங்கி, மார்பு முன்னே தள்ளும்; முழங்கைகள் முதுகுக்குப் பின் மறையும். தலைக்கு மேல் கட்டினால் கை மட்டும் உயர்வதில்லை. காறை எலும்பின் வெளிமுனை மேலேறும், மார்புத்தசை இழுபட்டுத் தட்டையாகும், விலாக்கூடு முழுவதும் தூக்கும், வயிறு உள்வாங்கும். இதைக் கவனிக்காமல் இறங்கிய தோளில் தூக்கிய கையைப் பொருத்தினால் பொம்மைக் கையாகிவிடும்.

எடை ஒரு காலில் நிற்கட்டும். அந்தப் பக்க இடுப்பு உயரும், அதே பக்கத் தோள் இறங்கும். கயிறு தாங்குவதுபோல் இரண்டு காலையும் தளரவிடாதீர்கள். மறுபடி எழுந்து பேரரசர் முன் நிற்கப்போகும் மனிதர் இவர். நிற்கிற உடலாகத்தான் தெரிய வேண்டும்.

அம்புக்கு வருவோம். இந்த அளவு உருவத்துக்கு நான்கு முதல் ஆறு போதும். ஆள் உயரம் பலகையில் 50 செ.மீ. என்றால், முழு அம்பின் நீளம் சுமார் 21–22 செ.மீ. வரும் (நிஜத்தில் ஏறக்குறைய 75 செ.மீ.). உள்ளே போன பகுதியைக் கழித்து வரையுங்கள். எல்லா அம்பையும் பக்கவாட்டில் முழு நீளத்துக்குக் காட்டுவதால்தான் குச்சி ஒட்டியதுபோல் இருக்கிறது. ஒன்றிரண்டாவது பார்ப்பவரை நோக்கிக் குறுகி, இறகும் கொஞ்சம் தண்டும் மட்டும் தெரியும்படி வரட்டும். ஒரே வில்லாளி எய்தவை ஏறக்குறைய இணைகோடுகளாக இருக்க வேண்டும்.

தைத்த இடத்தைக் கிட்டே போய் வரையுங்கள். தண்டு நுழையும் இடத்தில் தோல் சற்று உள்மடிந்து, விளிம்பில் மெல்லிய சிவப்பு. ஒளிக்கு எதிர்ப்பக்கத்தில் தண்டின் நிழல் தோலின் மேல் விழுந்து, உடலின் வளைவுக்கு ஏற்ப வளைய வேண்டும். அந்த ஒரு நிழற்கோடு அம்பை உடலுக்குள் இருத்திவிடும். குருதி நேர்கீழாக வழியும். தசையின் மேட்டில் விலகும், பள்ளத்தில் சேரும். அம்பின் சாய்வைத் தொடர்ந்து வழியாது. காயத்துக்கு அக்கால முறை, முதலில் ஒளிபுகாச் சிவப்பு, காய்ந்தபின் அரக்குச் சாயச் சிவப்பை மெல்லிய கண்ணாடிப் பூச்சாக ஏற்றுவது. ஐரோப்பாவுக்கு அந்த அரக்கு கிழக்கிலிருந்து, நம் நாட்டிலிருந்தும் போனது.

இடங்கள்: விலாப்புறம், தொடை, மேற்கை, அடிவயிற்றின் ஓரம். நேர் இதயத்தில் வேண்டாம்; பிழைத்தவரின் உடல் என்பது பார்த்ததும் நம்பும்படி இருக்கட்டும். விதிவிலக்கு உண்டு. பெருஜீனோவின் எர்மிட்டாஜ் அருங்காட்சியகப் படத்தில் கழுத்தில் ஓர் அம்பு, அந்தத் தண்டின் மேலேயே பொன்னெழுத்தில் ஓவியரின் கையொப்பம். அடையாளத்துக்குப் பயன்படுத்திய ஒற்றை அம்பு அது.

அப்பியா சாலை:
வேறு படங்களை முன்மாதிரியாக எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. அம்பு இருந்தாலே செபஸ்தியார் என்று இணையத்தில் பெயரிட்டுவிடுகிறார்கள். முடிசூடி, தாடியோடு, அரச உடையில் அம்பு பிடித்திருந்தால் பெரும்பாலும் 869-இல் கொல்லப்பட்ட கிழக்கு ஆங்கிலிய அரசர் எட்மண்ட். பெண்ணாக, தோழியர் சூழ இருந்தால் உர்சுலா; அம்போடு எந்திரக்கல்லும் இருந்தால் பொல்சேனாவின் கிறிஸ்தீனா. மானைக் காத்து நிற்கும் முதிய துறவி கையில் அம்பு தைத்திருந்தால் ஜைல்ஸ். செபஸ்தியாருக்கு அருகில் பயணியின் கோலோடும் நாயோடும் ஒருவர் தொடைப் புண்ணைக் காட்டினால் அவர் ரோக்கு, நம்மூரில் ஆரோக்கியநாதர். கொள்ளைநோய்க் காவலர்கள் என்பதால் இருவரையும் சேர்த்தே வைப்பார்கள்.

பலகையும் பசையும்:
விடுபட்ட ஒன்று. படம் முடிந்ததும் உடனே வார்னிஷ் அடிக்காதீர்கள். மஞ்சள் கருவின் எண்ணெய் இறுக மாதங்கள் பிடிக்கும். குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் பொறுங்கள். ஒரு வாரம் கழித்துப் பட்டுத்துணியால் மெல்லத் தேய்த்தாலே இதமான பளபளப்பு வரும். மழைக்காலத்தில் வெண்பூஞ்சை பிடிக்கும் என்பதால் சுவரோடு ஒட்டிச் சாய்க்காமல், பின்னால் காற்றுப் போக விரற்கடை இடைவெளி விட்டு வையுங்கள்.